எது முதல் அச்சு?
டெட்ராய்ட் பிராட்சைடு பிரஸ் நூல்களை முன்வைத்து



நினைவுச் சொற்பொழிவு என்றால் தலைவர்களைப் பற்றியோ போராட்டங்களைப் பற்றியோ பேசுவதுதான் நம் அரங்கின் வழக்கம். இந்த முறை ஒரு புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தைப் பற்றிப் பேசலாம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பொடி எழுத்தில் பதிப்புரிமை, ஆண்டு, அச்சகம், விலை என்று இருக்குமே, யாரும் படிக்காமல் புரட்டிவிடும் அந்தப் பக்கம். நிலத்துக்குப் பட்டா எப்படியோ, நூலுக்கு அந்தப் பக்கம் அப்படி. பட்டா இல்லாததால் எத்தனை நிலம் கைவிட்டுப் போனது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுத்தும் அதே வழியில் கைவிட்டுப் போகக்கூடும் என்பதை 1965-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு கறுப்பின நூலகர் முன்கூட்டியே உணர்ந்தார். அவர் பெயர் டட்லி ராண்டல்.

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். ராண்டல் அதைப் பற்றி ஒரு கதைப்பாடல் எழுதினார். அதற்குப் பெயர் ‘பேலட் ஆஃப் பர்மிங்ஹாம்’. ஜெர்ரி மூர் என்ற நாட்டுப்பாடகர் அதற்கு இசையமைக்க விரும்பினார். பாட்டாகிவிட்டால் அது ஊர் ஊராகப் போகும். எழுதியவன் பெயர் கூடவே போகும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? கவிதையின் மீது தன் உரிமையை நிலைநாட்ட ராண்டல் அதை ஒற்றைத் தாளில் அச்சிட்டு வெளியிட்டார். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட இத்தகைய தாளுக்கு ஆங்கிலத்தில் பிராட்சைடு என்று பெயர். அதுவே பதிப்பகத்தின் பெயரும் ஆயிற்று. நூலகச் சம்பளத்திலிருந்து எடுத்த 12 டாலர்தான் முதலீடு. தபால்காரராகவும், அதற்கு முன் ஃபோர்டு கார்த் தொழிற்சாலையின் வார்ப்பட உலையிலும் வேலை பார்த்தவர் அவர். தன் வீட்டிலிருந்தபடியே பதிப்பகத்தை நடத்தினார்.

ஆக, பிராட்சைடு பிரஸ் பிறந்ததே உரிமைக் குறிப்புக்காகத்தான். அதனால்தான் அந்தப் பதிப்பகத்தின் முதற்பதிப்புகளை அடையாளம் காண்பது நமக்கு ஏலக்கடைக்காரர்களின் பொழுதுபோக்காகத் தெரியவில்லை.

முதற்பதிப்பு என்ற சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. அதை முதலில் அவிழ்த்துக்கொள்வோம். ஒருமுறை அச்சுக் கோத்து, அந்தக் கோப்பிலிருந்து எத்தனை படி எடுத்தாலும் அது ஒரே பதிப்பு. அதே கோப்பிலிருந்தோ பிளேட்டிலிருந்தோ பிறகு மறுபடி ஓட்டினால் அது அதே பதிப்பின் இரண்டாம் அச்சு. உள்ளடக்கம் திருத்தப்பட்டுப் புதிதாகக் கோத்தால்தான் இரண்டாம் பதிப்பு. புத்தக வணிகர்களும் சேகரிப்பவர்களும் வெறுமனே ‘முதற்பதிப்பு’ என்று சொல்லும்போது முதல் பதிப்பின் முதல் அச்சைத்தான் குறிக்கிறார்கள். நம் நாட்டில் மறுஅச்சையும் தயங்காமல் ‘இரண்டாம் பதிப்பு’, ‘மூன்றாம் பதிப்பு’ என்றே போடுகிறோம். நன்றாக விற்கிறது என்று காட்டும் ஆசைதான். இது எங்கே சிக்கலாகிறது என்பதற்குப் பிறகு வருகிறோம்.

பணக்காரக் கைவினை அச்சகங்களில் இந்தச் சிக்கல் குறைவு. லண்டனை ஒட்டிய ஹாமர்ஸ்மித்தில் 1891-இல் வில்லியம் மாரிஸ் தொடங்கிய கெல்ம்ஸ்காட் அச்சகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1896-இல் அது வெளியிட்ட சாசர் தொகுப்பு காகிதத்தில் 425 படிகள், கன்றுத்தோலில் 13 படிகள். நூல் முடிந்த நாளை நூலின் கடைசியிலேயே குறித்துவிடுவார்கள். மறுஅச்சு கிடையாது. அப்புறம் முதல் அச்சு எது என்ற கேள்விக்கே இடமில்லை. காகிதப்படியின் விலை 20 பவுண்டு. மாரிஸ் உண்மையான சோசலிஸ்ட், தெருமுனையில் நின்று பேசியவர். ஆனால் அவர் அச்சிட்டதை எந்தத் தொழிலாளியும் வாங்கியிருக்க முடியாது. இதற்காக அவரைக் குற்றம் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. அவரே அந்த முரணை அறிந்திருந்தார்.

வர்ஜீனியா வுல்ஃபும் அவர் கணவர் லெனார்டும் நடத்திய ஹோகார்த் பிரஸ் கொஞ்சம் வேறு மாதிரி. சிறிய கையச்சு இயந்திரத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு 1917-இல் தங்கள் முதல் வெளியீட்டை 150 படிகள் எடுத்தார்கள். கையில் இருந்த தாளையெல்லாம் மேலட்டையாகப் போட்டதால் படிக்குப் படி அட்டை வேறுபடும். 1919-இல் ‘கியூ கார்டன்ஸ்’ கதையை 150 படிகள் கையால் அச்சிட்டார்கள். பத்திரிகை மதிப்புரை வந்ததும் ஆர்டர் குவிந்தது. கையால் சமாளிக்க முடியாமல் வெளி அச்சகத்தில் 500 படிகள் போட்டார்கள். அது இரண்டாம் பதிப்பு. நூல் விற்றால் அடையாளம் காண்பது கடினமாகும், விற்காவிட்டால் எளிதாகும் என்ற வேடிக்கையான விதி இங்கிருந்தே தொடங்கிவிடுகிறது.

கறுப்பின எழுத்தில் இந்த இரண்டு வழிகளும் ஒரே கவிஞரிடம், ஒரே ஆண்டில் சந்தித்தன. லாங்ஸ்டன் ஹியூஸின் ‘டியர் லவ்லி டெத்’ 1931-இல் டிரவுட்பெக் பிரஸ் என்ற தனியார் அச்சகத்தில் 100 படிகள் மட்டும் அச்சாயிற்று. விற்பனைக்கு அல்ல, நண்பர்களுக்கு. அதே 1931-இல் ஓவியர் பிரெண்டிஸ் டெய்லரோடு சேர்ந்து அவர் கோல்டன் ஸ்டேர் பிரஸ் என்ற சிறு அச்சகத்தை ஏற்படுத்தி ‘தி நீக்ரோ மதர்’ என்ற சிறு நூலைக் கொண்டுவந்தார். விலை 25 சென்ட். தென் மாநிலங்களில் கறுப்பினக் கல்லூரிகளுக்கும் தேவாலயங்களுக்கும் போய்க் கவிதை வாசித்து, அங்கேயே அதை விற்றார். ஸ்காட்ஸ்பரோ வழக்கில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மரண தண்டனையின் நிழலில் நின்றபோது 1932-இல் ‘ஸ்காட்ஸ்பரோ லிமிடெட்’ அதே அச்சகத்திலிருந்து வந்தது. நூறு படிகளில் ஒன்றை அடையாளம் காண யாரும் சிரமப்படத் தேவையில்லை. 25 சென்ட் நூல் மறுபடி மறுபடி அச்சானது. கைக்குக் கை மாறியது, கிழிந்தது. அதன் முதல் அச்சு எது என்று கேட்டால்தான் வேலை இருக்கிறது.

ராண்டலின் பதிப்பகம் இந்த இரண்டாவது வழியில் வந்தது. அவருடைய முதல் ஆறு தாள்களுக்கு ‘நீக்ரோ கிளர்ச்சியின் கவிதைகள்’ என்ற பொருளில் ஒரு பொதுத்தலைப்பு உண்டு. ராண்டலின் இரண்டு கவிதைகளோடு ராபர்ட் ஹேடன், மார்கரெட் வாக்கர், மெல்வின் டால்சன், குவெண்டலின் புரூக்ஸ் ஆகியோர் கவிதைகளும் அதில் இருந்தன. ஒவ்வொரு தாளுக்கும் வரிசை எண் உண்டு. வரிசை எண் தாள் வெளிவந்த முறையைச் சொல்லும். உங்கள் கையில் இருப்பது எந்த அச்சு என்று சொல்லாது, ஏனென்றால் மறுபடி அச்சிட்டாலும் எண் மாறாது. மாணவர்கள் பலர் தடுமாறும் இடம் இது.

ஆறாவது தாள் புரூக்ஸின் ‘வீ ரியல் கூல்’. கிளெடி டெய்லரின் வடிவமைப்பில், சுவரில் கிறுக்கிய எழுத்துகள்போல் இருக்கும். பார்ப்பதற்கு அதுவே கவிதையின் பிறந்த வடிவம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கவிதை 1959-இல் ‘பொயட்ரி’ இதழில் வந்து, 1960-இல் ஹார்ப்பர் நிறுவனம் வெளியிட்ட ‘தி பீன் ஈட்டர்ஸ்’ தொகுப்பிலும் இடம்பெற்றுவிட்டது. ஆகவே பிராட்சைடு தாளின் முதல் அச்சு வேறு, கவிதையின் முதல் வெளியீடு வேறு. ஆய்வேட்டில் இரண்டையும் ஒன்றாக்கி எழுதினால், எழுதி ஏழாண்டு கழித்து அந்தக் கவிதையைக் கறுப்பினத் தெருவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள் என்ற செய்தியே மறைந்துவிடும். நமக்கு முக்கியமாகப் படுவது அந்தத் திருப்பிக் கொண்டுவந்த செயல்தான்.

புரூக்ஸ் 1950-இல் புலிட்சர் பரிசு பெற்றவர். அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர். 1968 வரை அவர் நூல்களை ஹார்ப்பர் வெளியிட்டது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபின் சிகாகோ பற்றி எரிந்ததைப் பற்றி அவர் எழுதிய ‘ரயட்’ 1969-இல் பிராட்சைடிலிருந்து வந்தது. தனக்குரிய தொகையையும் பதிப்பகத்துக்கே விட்டுக்கொடுத்தார். ‘ஃபேமிலி பிக்சர்ஸ்’ 1970, தன்வரலாறான ‘ரிப்போர்ட் ஃப்ரம் பார்ட் ஒன்’ 1972. நியூயார்க்கின் பெரிய நிறுவனத்தை விட்டு டெட்ராய்ட்டில் ஒரு வீட்டு முகவரிக்கு ஒரு கவிஞர் தன் எழுத்தை எடுத்துச் சென்றார் என்பதற்குச் சாட்சி, ‘ரயட்’ முதல் அச்சின் தலைப்புப் பக்கம். பின்னால் வந்த பெரும் தொகுதிகளில் அதே வரிகளைப் படிக்கும் ஒருவருக்கு இந்த முடிவின் வலு தெரியாது.

இனி வேலைக்கு வருவோம். பிராட்சைடு மாதிரியான சிறு பதிப்பகத்தின் நூல் கையில் கிடைத்தால் எதைப் பார்ப்பது?

உரிமைப் பக்கத்தில் ‘இரண்டாம் அச்சு’, ‘மூன்றாம் அச்சு’ என்று பட்டியல் இருந்தால் கேள்வி முடிந்தது. இல்லாவிட்டால்தான் சந்தேகம் தொடங்க வேண்டும். ‘முதற்பதிப்பு’ என்று அச்சாகியிருப்பதை மட்டும் நம்பக்கூடாது. சிறு பதிப்பகங்கள் பழைய பிளேட்டையே எடுத்து ஓட்டும்போது அந்த வரியை நீக்க மறந்துவிடுவது சாதாரணம். ஆளில்லை, நேரமில்லை, புதுப் பிளேட்டுக்குக் காசில்லை. பெரிய நிறுவனம் கையாளும் எண் வரிசை முறை, அதாவது ஒவ்வொரு அச்சுக்கும் ஓர் எண்ணை அழித்துக்கொண்டே போவது, இவர்களிடம் எதிர்பார்க்க முடியாது.

பின் பக்கங்களில் இருக்கும் விளம்பரப் பட்டியல்தான் எங்கள் அனுபவத்தில் மிக நேர்மையான சாட்சி. 1968 என்று ஆண்டு போட்ட நூலின் பின்னட்டையில் 1970-இல் வந்த நூலுக்கு விலை போட்டிருந்தால், அந்தப் படி 1968-இல் அச்சானதில்லை. ‘வெளிவர இருக்கிறது’ என்று ஒரு நூலைச் சொன்னால் அது வெளிவருவதற்கு முன் அச்சானது என்று கொள்ளலாம்; ஆனால் அதையும் கவனமாக. மால்கம் எக்ஸ் நினைவாக ராண்டலும் மார்கரெட் பரோஸும் தொகுத்த ‘ஃபார் மால்கம்’ தொகுப்புதான் பதிப்பகத்தின் முதல் நூலாக வந்திருக்க வேண்டியது. அது தாமதமாகி 1967-இல் வந்தது. இடையில் 1966-இலேயே ராண்டலும் மார்கரெட் டேனரும் சேர்ந்து எழுதிய ‘போயம் கவுண்டர்போயம்’ முந்திக்கொண்டது. அறிவிப்பை வைத்து வரிசை போட்டால் தவறிவிடுவோம்.

விலையும் பேசும். ஒரு டாலர் அளவில் விற்ற மெல்லிய நூலின் அட்டையில் அதைவிடக் கூடிய விலை இருந்தால், அல்லது விலைமேல் ஒட்டுத்தாள் இருந்தால், கேள்வி கேளுங்கள். நூலுக்கான எண்ணும் அப்படியே. 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் ஒன்பது இலக்க எண் நடைமுறைக்கு வந்தது. பத்து இலக்கச் சர்வதேச எண் 1970-இல்தான் முறைப்படுத்தப்பட்டது. 1968 நூலில் பத்து இலக்க எண் இருந்தால் அந்தப் படி பிந்தையது. பதின்மூன்று இலக்கம் இருந்தால் 2007-ஐ ஒட்டியோ அதற்குப் பின்போ வந்தது.

இவ்வளவுக்குப் பிறகும், பிராட்சைடு முத்திரையுள்ள முதல் அச்சே அந்த நூலின் முதல் அச்சாக இருக்கவேண்டும் என்பதில்லை. டான் எல். லீ, பின்னாளில் ஹாகி மதுபுட்டி, தன் ‘திங்க் பிளாக்’ நூலை 1967-இல் சிகாகோவில் தன் காசில் 700 படிகள் அச்சிட்டுத் தெருவில் நின்று விற்றார். பிராட்சைடு வெளியீடு அதற்குப் பிந்தையது. நிக்கி ஜியோவானியின் ‘பிளாக் ஃபீலிங், பிளாக் டாக்’ நூலும் முதலில் அவரே வெளியிட்டதுதான். கவிஞர் தன் கையால் விற்ற படி, பதிப்பகத்தின் படி, மறுஅச்சுகள் என்று மூன்று அடுக்கு இருக்கிறது. லீ அதே ஆண்டு சிகாகோவில் ஒரு ரோனியோ இயந்திரத்தோடு தேர்ட் வேர்ல்ட் பிரஸ் தொடங்கினார். ரோனியோவில் எடுத்த தாளில் முதல் அச்சு, இரண்டாம் அச்சு என்று எதைப் பார்த்துச் சொல்வது? ஸ்டென்சில் கிழியும்வரை சுற்றியதுதான் பதிப்பு. நம் இயக்கங்களின் பழைய தாள்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

எதெரிட்ஜ் நைட்டின் ‘போயம்ஸ் ஃப்ரம் ப்ரிசன்’ 1968-இல் வந்தபோது அவர் இண்டியானா சிறையில் இருந்தார். ஆட்ரி லார்டின் ‘ஃப்ரம் எ லேண்ட் வேர் அதர் பீப்பிள் லிவ்’ 1973-இல் வந்து அமெரிக்காவின் தேசிய நூல் விருதுக்கான இறுதிப்பட்டியல்வரை போனது. இன்று உலகப் பல்கலைக்கழகங்கள் பாடம் வைக்கும் ஆட்ரி லார்டை அன்று அச்சிட்டது 12 டாலர் பதிப்பகம். கடன் மிஞ்சி, 1977-இல் ராண்டல் பதிப்பகத்தை விற்க நேர்ந்தது. 2015-இல் நயோமி லாங் மேட்ஜெட்டின் லோட்டஸ் பிரஸ்ஸோடு அது இணைந்தது.

ஒரு டாலர் நூலின் முதல் அச்சு இப்போது பழம்புத்தகச் சந்தையில் வேறு விலைக்குப் போகிறது. இதில் எங்களுக்கு இரண்டு மனம் இருக்கிறது. குப்பைக்குப் போகாமல் தப்பியது நல்லது. ஆனால் யாருக்காக அச்சிடப்பட்டதோ அவர்களின் கைக்கு எட்டாத கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடுகிறது. இதற்கு மாற்றாக ஆர்துரோ ஷோம்பர்கை நினைத்துக்கொள்கிறோம். கறுப்பர்களுக்கு வரலாறு இல்லை என்று பள்ளியில் கேட்டு வளர்ந்த போர்ட்டோ ரிக்கோக்காரர், முதற்பதிப்புகளாகவும் துண்டுப் பிரசுரங்களாகவும் தேடித் தேடிச் சேர்த்தார். 1926-இல் அந்தச் சேகரிப்பு 10,000 டாலருக்கு நியூயார்க் பொது நூலகத்துக்கு வந்தது. ஹார்லெமில் யார் வேண்டுமானாலும் உள்ளே நுழைந்து பார்க்கலாம்.

அமெரிக்கக் கதையைத் தலித் அரங்கில் பேசுவதற்கு நியாயம் தேட வேண்டியதில்லை. மகாத்மா புலே 1873-இல் ‘குலாம்கிரி’யை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரைக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்தார்கள். பிராட்சைடு நூலுக்குக் கேட்ட அதே கேள்விகளை ‘சாதி ஒழிப்பு’ நூலுக்கும் கேட்டுப் பாருங்கள்.

லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் அம்பேத்கரை அழைத்து, உரையின் உள்ளடக்கத்தைக் கண்டு மிரண்டு மாநாட்டையே ரத்து செய்தது. பேசப்படாத உரையை அவர் தன் செலவில் அச்சிட்டார். முன்னுரையின் தேதி 1936 மே 15. அச்சிட்ட 1,500 படிகளும் இரண்டே மாதத்தில் தீர்ந்தன என்று 1937-இல் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவரே பதிவு செய்கிறார். காந்தி ‘ஹரிஜன்’ இதழில் மதிப்புரை எழுதத் தொடங்கியது 1936 ஜூலையில். எனவே காந்தியின் மதிப்புரையும் அதற்கு அம்பேத்கரின் பதிலும் முதற்பதிப்பில் இருக்கவே முடியாது. இரண்டாம் பதிப்பில்தான் சேர்ந்தன. உரிமைப் பக்கம் கிழிந்துபோன படியாக இருந்தாலும் இதை வைத்தே சொல்லிவிடலாம். 1944-இல் வந்தது ‘மூன்றாம் பதிப்பு’. ஆனால் திருத்தி எழுத நேரம் கிடைக்கவில்லை, இது இரண்டாம் பதிப்பின் மறுஅச்சு மட்டுமே என்று அம்பேத்கர் அதன் முன்னுரையில் சொல்லிவிடுகிறார். பெயரில் பதிப்பு, பொருளில் மறுஅச்சு. முன்பு சொன்ன சிக்கல் இதுதான்.

இதனால் என்ன ஆகிறது? இன்று அந்த நூலைக் காந்தி-அம்பேத்கர் விவாதமாகவே படிக்கப் பழகியிருக்கிறோம். 1936 மே மாதத்துப் படியைக் கையில் எடுத்தவருக்கு அப்படி ஒரு விவாதமே இல்லை. அவர் முன் இருந்தவை லாகூர் சீர்திருத்தக்காரர்களுடன் நடந்த கடிதப் போக்குவரத்தும், அவர்கள் கேட்க மறுத்த உரையும் மட்டும்தான்.

நம் தமிழ்ச் சிறுவெளியீடுகளுக்கும் சில கைப்பிடிகள் உண்டு. விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ‘ந.பை.’ என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. ‘சென்னை’ என்ற பெயர் உதவாது. ஆங்கிலத்தில் 1996-இல்தான் மாறியது, தமிழில் எப்போதும் சென்னைதான். எழுத்து வடிவத்தை வைத்துச் சொல்லும்போது நிதானம் வேண்டும். ணை, லை, றா போன்றவற்றின் பழைய வடிவத்தை அரசு 1978-இல் மாற்றியது உண்மை. ஆனால் புது எழுத்து வாங்கப் பணமில்லாத அச்சகங்கள் பழைய ஈய எழுத்தையே அதற்குப் பிறகும் கோத்தன. மறுபக்கம், பெரியாரின் ‘குடி அரசு’ 1935-லேயே சீர்திருத்த எழுத்துக்கு மாறிவிட்டது. எனவே பழைய எழுத்து பழைய நூலுக்குச் சான்றாகாது. புது எழுத்து என்றால் முதலில் அது யாருடைய அச்சகம் என்று கேட்க வேண்டும்.

அயோத்திதாசரை நம்மில் பெரும்பாலோர் படித்தது 1999 முதல் பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஞான. அலாய்சியஸ் தொகுப்புகளில். அந்த உழைப்பு இல்லையென்றால் படித்தே இருக்க மாட்டோம். ஆனாலும் 1907-இல் ராயப்பேட்டையிலிருந்து காலணா விலையில் வாரந்தோறும் வந்த ‘ஒரு பைசாத் தமிழ’னில் ஒரு கட்டுரைக்குப் பக்கத்தில் என்ன செய்தி இருந்தது, யாருடைய கடிதம் இருந்தது, எந்த விளம்பரம் இருந்தது என்பது பழைய இதழைப் புரட்டினால்தான் தெரியும்.

வீட்டுப் பரணில் இப்படி ஏதாவது கிடைத்தால் பைண்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். பைண்டர் முதலில் கிழித்துப் போடுவது மேலட்டையையும் பின் விளம்பரப் பக்கத்தையும்தான். தலைப்புப் பக்கம், அதன் பின்புறம், கடைசிப் பக்கம், பின்னட்டை நான்கையும் படமெடுங்கள். ‘சாதி ஒழிப்பு’ நூலின் பழைய தமிழாக்கம் கிடைத்தால் இன்னும் ஒன்றைப் பாருங்கள். நூல் தமிழில் ஏற்கெனவே பெயர்க்கப்பட்டுவிட்டது என்று 1937 முன்னுரையில் அம்பேத்கர் குறிப்பிடுகிறார். அப்படியானால் அந்தத் தமிழாக்கத்துக்கு மூலம் 1,500 படிகள் அச்சான அந்த முதற்பதிப்பு. உங்கள் கையில் இருப்பதில் காந்தியின் மதிப்புரை இருந்தால், அந்தப் படி 1936 ஜூலைக்குப் பிறகு அச்சானது.